எட்டாவது பெயர்

மார்ச் 16, 2024, சனி

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் டி.வி.யில் தேதி அறிவித்தார்கள். எங்களுக்கு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இன்ஸ்பெக்டர் ராஜ்மோகன் என் மேசைக்கு வந்து ஒரு காலி ஃபைலை வைத்தார். மேலே சிவப்பு மையில் 'தேர்தல்' என்று அவரே எழுதியிருந்தார். "உலகநாதன், இந்த வாட்டியும் நீங்கதான்."

வேறு யார்? எஸ்.ஐ. ஆகிப் பதினோரு வருடம், இது ஐந்தாவது தேர்தல். உள்ளூர் போலீஸ், மத்தியப் படை, கலால், பறக்கும் படை, பக்கத்துத் தமிழ்நாட்டு ஸ்டேஷன்கள் என்று இத்தனை பேரையும் ஒரே கயிற்றில் கட்டி ஓட்டுகிற வேலை. ஒருவர் இழுத்தால் இன்னொருவர் உட்கார்ந்துகொள்வார்.

கஸ்தூரியிடம் சொன்னேன். "அப்ப ஜூன் வரைக்கும் வூட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போவீங்க" என்றாள். பழகிவிட்டாள்.

இன்று ஐந்தாம் நோன்பு. சாயங்காலம் ஹபீப் தன் டி.வி.எஸ்.சில் வந்து கஞ்சித் தூக்கைக் கேட்டில் மாட்டிவிட்டு, இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போனான். நானும் அவனும் கரிக்கலாம்பாக்கத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவன் பம்ப்செட் சாமான் கடை வைத்தான், நான் காக்கி போட்டேன். ரம்ஜான் மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்குக் கஞ்சி வரும். கஸ்தூரி தூக்கைக் காலியாகத் திருப்ப மாட்டாள். கத்திரிக்காய், முருங்கைக்கீரை, ஒன்றுமே இல்லாவிட்டால் நாலு பச்சைமிளகாயாவது போட்டுத்தான் கொடுப்பாள்.

மார்ச் 19, செவ்வாய்

ஒருங்கிணைப்புக் கூட்டம். நாலு மணி நேரம், இரண்டு டீ, ஒரு சமோசா.

மத்தியப் படையின் கமாண்டர் ஹிந்திக்காரர். எங்கள் வரைபடத்தை நேராகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பாகூர்ப் பக்கமிருந்து எங்கள் ஊருக்கு வருவதற்குள் இந்த யூனியன் பிரதேசத்துச் சாலை எத்தனை தடவை தமிழ்நாட்டுக்குள் போய் வருகிறது என்று கேட்டார். "சார், இங்கே மேய்கிற மாடு ஒரு நாளைக்கு ஆறு தடவை மாநிலம் மாறும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

கடைசியில் நான்தான் யோசனை சொன்னேன். தகராறு செய்யக்கூடியவர்கள் பட்டியல் ஒவ்வொரு படையிடமும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. இந்தத் தடவை ஒரே பட்டியல், ஒரே வரிசை எண், எல்லோரிடமும் அதே நகல். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர் இருந்தால் அந்தப் பக்கமும் இருக்க வேண்டும். மேலதிகாரி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மார்ச் 22, வெள்ளி

பட்டியல் எழுதினேன்.

நூற்றியேழாம் பிரிவு என்பது எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. ஒருவரால் அமைதி கெடலாம் என்று ஸ்டேஷன் எழுதிக் கொடுத்தால், மாஜிஸ்திரேட் அவரைக் கூப்பிட்டு 'ஒழுங்காக இருப்பேன்' என்று எழுதி வாங்கிக்கொள்வார். எங்கள் பகுதிக்கு ஏழு பெயர் வந்தது. ஒரு கட்சியில் நாலு, எதிர்க்கட்சியில் மூன்று. ஏழும் நிஜமான சரக்கு; போன தேர்தலில் வாக்குச்சாவடி வாசலில் நாற்காலி பறந்தது இவர்களால்தான்.

ராஜ்மோகன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நாலுக்கு மூணா? நாளைக்குக் காலையில நாலு பேரு சைடு ஆளுங்க ஸ்டேஷன் வாசல்ல ஒக்காந்துடுவாங்க. சரிக்குச் சரியா இருக்கணும், தெரியாதா உங்களுக்கு? எட்டாவதா ஒண்ணு போடுங்க."

தெரியும். எப்போதும் அப்படித்தான். குறைகிற பக்கத்தில் சாதுவான ஆளாக ஒருவரைப் போட்டு நிரப்புவோம். 2019-லும் 2021-லும் இன்னாசிமுத்து வாத்தியாரைப் போட்டோம். கோபிக்கத் தெரியாத மனிதர். கூப்பிட்டால் வருவார், கையெழுத்துப் போடுவார், "அவ்ளதானே தம்பி" என்று போய்விடுவார். போன வருடம் செத்துப்போனார்.

தெரிந்தவனாக இருந்தால் சண்டைக்கு வர மாட்டான். அப்படித்தான் யோசித்தேன். ஹபீப் 2011-ல் அந்தக் கட்சிக்கு ஒரே ஒரு நாள், பக்கத்துக் கடைக்காரருக்காக, சாவடி முகவராக உட்கார்ந்தான். அது போதும். எழுதினேன்: '8. ஹபீப் முகமது. முன்னாள் முகவர். வாக்குவாதத்தில் ஈடுபடக்கூடியவர்.' வாக்குவாதம் செய்வான் என்பது பொய் இல்லை. கிரிக்கெட்டைப் பற்றி.

ஒரு கையெழுத்து, முடிந்தது. சாயங்காலம் கஞ்சி கொண்டு வரும்போது சொல்லிவிட வேண்டும். "எனக்கு ஒரு பிரியாணி கடன்டா" என்பான்.

மார்ச் 23, சனி

கஞ்சி வந்தது. நான் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் போய்விட்டான். அவசரமாம்.

மார்ச் 27, புதன்

பட்டியல் டைப் ஆகி வந்துவிட்டது. பதினொரு நகல். மாஜிஸ்திரேட், மத்தியப் படை, பறக்கும் படை, எல்லைக்கு அந்தப் பக்கம் மூன்று ஸ்டேஷன்கள்... என் யோசனை நன்றாகவே வேலை செய்கிறது. 'பரிந்துரைத்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடும்போது எட்டாம் எண்ணைப் பார்க்காமல் போட்டேன். பார்க்காமல் போட வேண்டும் என்று ஏன் தோன்றியது?

நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 30, சனி

சம்மன் முந்திக்கொண்டது.

பதினொரு மணிக்கு ஹபீப் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டான். கையில் காகிதம், முகத்தில் சிரிப்பு. "இன்னாடா ஒலகு இது? எம்பேருல சம்மன் வந்துருக்கு. நான் அமைதியக் கெடுக்குறனாம்! சபுரா படிச்சுட்டு, இத்தினி வருசமா வூட்டுல கெடுத்தது போதாதான்னு கேக்குறா."

சிரித்தேன். இதுதான் சொல்ல வேண்டிய நிமிடம். ராஜ்மோகன் உள்ளே இருந்தார், ரைட்டர் பக்கத்தில் இருந்தார். இருந்தால் என்ன?

"யாருடா போட்டது?" என்று கேட்டான்.

"மேலருந்து வர்ற லிஸ்ட்டுடா. நம்ம கையில ஒண்ணும் இல்ல."

இத்தனை சுலபமாக வாயில் வந்தது. முன்பே எழுதி வைத்திருந்த மாதிரி. "அப்டியா? சரி வுடு, நீ இருக்க இல்ல" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மாஜிஸ்திரேட் அலுவலகம். ஸ்டேஷன் சார்பில் நான் போக வேண்டியிருந்தது.

எட்டுப் பேரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். முன்னால் கொலை முயற்சி வழக்குக்காரன், அவனுக்குப் பின்னால் சாராய வழக்கு, கடைசியில் ஹபீப். வெள்ளைச் சட்டை, தொப்பி, நோன்பு வைத்த வாய். ஆளுக்கொரு சிலேட்டைக் கொடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவன் சிலேட்டில் 8. முதலில் தலைகீழாகப் பிடித்தான். எட்டுதானே, எப்படிப் பிடித்தாலும் எட்டுதான். படம் எடுத்தவன் சிரித்தான்.

மகள் நாஸியா கூட வந்திருந்தாள். போன மாதம்தான் வாக்காளர் அட்டை வந்தது அவளுக்கு. 'மொத ஓட்டு அத்தாகூடப் போயிதான் போடுவேன்' என்று என்னிடம் அட்டையைக் காட்டிவிட்டுப் போனவள், இன்று மரத்தடியில் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். கையெழுத்து முடிந்ததும் கிளார்க் ஜோஸ்பின் ஆளுக்கு ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார். ஹபீப் பார்க்கக்கூட இல்லை. நாஸியாதான் வாங்கிக் கல்லூரிப் பையில் வைத்துக்கொண்டாள்.

போகும்போது ஹபீப் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். அந்தக் கொலை முயற்சிக்காரனும் ஆட்டினான்.

ஏப்ரல் 5, வெள்ளி

ராஜ்மோகனிடம் போய் நின்றேன். எட்டாம் பெயரை எடுத்துவிடலாமா சார்?

"எடுக்கலாமே. போட்டவரே எழுதிக் குடுக்கணும். ஏன் போட்டீங்க, என்ன ஆதாரம், இப்ப ஏன் எடுக்குறீங்க... எல்லாத்தயும். பதினொரு இடத்துக்கும் போகும். தேர்தல் பார்வையாளர் படிப்பாரு. பிரமோஷன் லிஸ்ட்ல இருக்கீங்க இல்ல?" பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "இன்னும் ரெண்டு வாரம், உலகநாதன். யாருக்கு என்ன ஆயிடப் போவுது?"

எழுத உட்கார்ந்தேன். 'கட்சிகளுக்கிடையே எண்ணிக்கையைச் சமன் செய்யும் பொருட்டு' என்று தொடங்கினேன். படித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன்.

சேர்க்க ஒரு வரி போதும். எடுக்க மூன்று பக்கம்! என்ன மயிரு நடைமுறை இது. — நடைமுறையைத் திட்டுகிறேன். வேறு யாரைத் திட்டுவது?

ஏப்ரல் 11, வியாழன்

ரம்ஜான். வழக்கம்போல ஹபீப் வீட்டில் பிரியாணி. கஸ்தூரியும் வந்தாள். நேற்றைய கஞ்சித் தூக்கைக் கொண்டுவர மறந்துவிட்டாள். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

நாஸியா தட்டை வைத்தாள். 'மாமா, இன்னும் கொஞ்சம்' என்று வம்பு செய்கிறவள், இன்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பரீட்சை நேரம்.

கை கழுவும்போது ஹபீப் துண்டை நீட்டிக்கொண்டே கேட்டான். "ஒலகு, அந்த லிஸ்ட்ல எம்பேர யாருடா போட்டுருப்பா?"

"எனக்கு எப்டிடா தெரியும்?"

"சரி" என்றான். துண்டை வாங்கி மடித்தான். நன்றாக நேரம் எடுத்து மடித்தான்.

ஏப்ரல் 12, வெள்ளி

மத்தியப் படையின் கொடி அணிவகுப்பு. எங்கள் ஊர் வழியாக. பாதை போட்டது நான். 'பட்டியலில் உள்ளவர்களின் வீடுகள் வழியாகச் செல்ல வேண்டும்' என்பது விதி. வழிகாட்டியாக முன்னால் நடந்ததும் நான். அதுவும் விதிதான்.

ஹபீப் வீட்டில் பெருநாளுக்கு வந்த உறவுக்காரர்கள் இன்னும் இருந்தார்கள். வாசல் நிறையச் செருப்பு. நாற்பது துப்பாக்கியோடு தெரு நிறைந்ததும் அவன் வெளியே வந்து பார்த்தான், உள்ளே போனான், ஒரு தட்டு நிறைய சர்பத் தம்ளரோடு வந்தான். "ஒலகு, எல்லாருக்கும் குடுக்கச் சொல்லுடா. வெயில்ல வந்துருக்காங்க."

கமாண்டர் காகிதத்தைப் பார்த்து, "நம்பர் எயிட்? ஹபீப் முகமது?" என்றார். அவன் ஆமாம் என்றான். தட்டைக் கீழே வைக்கச் சொன்னார்கள். கதவோரம் நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் அவன். ஃபோனில் படம் எடுத்தார்கள். உள்ளே சபுரா தெரிந்தாள். உறவுக்காரர்கள் தெரிந்தார்கள்.

கமாண்டர் ஹிந்தியில் நிறையச் சொன்னார். தேர்தல் முடியும்வரை ஊரைத் தாண்டிப் போகக் கூடாது, வாக்குப்பதிவு அன்று எல்லை தாண்டினால் எந்தச் சோதனைச் சாவடியிலும் உட்கார வைத்துவிடுவார்கள் என்றார். என்னைப் பார்த்து, சொல் என்றார்.

நான் சொன்னது: "கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்றாரு."

'இருங்க'வாம். நாற்பது வருடத்தில் முதல் தடவை அவனுக்கு மரியாதை கொடுத்தேன், அத்தனை பேர் முன்னால்.

"அவ்ளதானா?" என்றான் ஹபீப். "ரொம்ப நேரம் பேசுனாரே."

"அவ்ளதான்."

சர்பத்தை யாரும் தொடவில்லை. படை போன பிறகு திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தம்ளராக எடுத்துச் செடியில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 18, வியாழன்

எல்லைகள் மூடியாயிற்று. எல்லாச் சாவடிக்கும் ஆள் போயாயிற்று. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. நாளை ஒரு நாள். ஒரே ஒரு நாள்.

ஏப்ரல் 19, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன். மறக்கக் கூடாது.

காலை 9.40. எல்லைக்கு அந்தப் பக்கம் சோதனைச் சாவடியிலிருந்து எஸ்.ஐ. புகழ்வேந்தன் ஃபோன். உற்சாகமான குரல். "சார், உங்க லிஸ்ட் நம்பர் எட்டு எங்ககிட்ட சிக்கிட்டாரு. கார்ல ஒரு பொம்பளய ஏத்திக்கிட்டு கடலூர்லருந்து வர்றாரு. ஓட்டுக்கு ஆள் கடத்துற கேஸ் மாதிரி இருக்கு சார்."

ஹபீபின் அக்கா. கடலூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஓட்டு இன்னும் எங்கள் ஊரில்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஹபீப்தான் போய்க் கூட்டி வருவான். எல்லை தாண்டக் கூடாது என்று அவனுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் 'ஜாக்கிரதையா இருங்க' என்று சொன்னான்.

"தம்பி, அது அவரோட அக்கா. விட்டுடுங்க."

"லிஸ்ட்ல இருக்காரே சார். விடணும்னா உங்ககிட்டருந்து ஒரு மெயில் வேணும். பேரு தப்பா சேந்துடுச்சுன்னு எழுதி அனுப்புங்க. அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷ வேலை. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். தப்பாகச் சேர்ந்துவிட்டது என்று எழுதினால், சேர்த்தது யார் என்று அடுத்த வரி வரும். வாக்குப்பதிவு அன்றைக்கே பார்வையாளர் மேசைக்குப் போகும். உறுவையாறு பக்கம் மெஷின் மக்கர் என்று அழைப்பு வந்தது. போய்ப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று கிளம்பினேன். கிளம்ப ஒரு காரணம் கிடைத்ததில் நிம்மதி வேறு.

12.15. எங்கள் ஊர்ச் சாவடி. வரிசையில் நாஸியா. பின்னால் வருகிறவர்களை முன்னால் விட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்தாள். "அத்தா காலையில போனாங்க. ஃபோன் எடுக்கல. பத்து மணிக்கே வந்துடுவேன்னு சொன்னாங்க." ஜும்மா தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஹபீப் ஜும்மாவைத் தவற விட்டு நான் பார்த்ததில்லை, காய்ச்சலில்கூடப் போவான்.

"வந்துடுவாரும்மா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

4.15. மெயில் அனுப்பினேன். 'மேற்படி நபரை விடுவிப்பதில் ஆட்சேபணை இல்லை.' புகழ்வேந்தன் உடனே கூப்பிட்டார். "ஆட்சேபணை இல்லன்னா போதாது சார். தப்புன்னு எழுதணும்." பார்க்கிறேன் என்றேன்.

பார்க்கவில்லை.

6.00. கேட்டை மூடினார்கள். நாஸியா மூடுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டாள். விரலில் மை இல்லை. எட்டு மணி நேரம் நின்றிருப்பாள்.

6.40. நானே போனேன். ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் ஹபீப். பக்கத்தில் அக்கா, சுவரில் சாய்ந்து. தரையில் ஒரு செய்தித்தாள் விரித்திருந்தது, அதில்தான் தொழுதிருக்கிறான். புகழ்வேந்தன் எனக்கு விறைப்பாக சல்யூட் அடித்து, வாக்குப்பதிவுதான் முடிந்துவிட்டதே, கூட்டிப்போங்கள் என்றார். அவர் மேல் தப்பு இல்லை. இரண்டு மாநில போலீசும் இவ்வளவு ஒழுங்காக ஒருங்கிணைந்து நான் பார்த்ததே இல்லை.

நான் ஜீப்பில் ஏறும்போது ஹபீப் கேட்டான். கோபமே இல்லாத குரல். "யாருடா போட்டுருப்பா எம்பேர? நெசமா ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதுடா."

அக்காவின் கையைப் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டு, "நீ ஜீப்புல போ. நான் கார ஓட்டிக்கினு வர்றேன்" என்றான்.

ஏப்ரல் 20, சனி

அறிக்கை அனுப்பினேன். அசம்பாவிதம்: இல்லை. மிரட்டல்: இல்லை. வாக்களிக்க இயலாதவர்: இல்லை. புகார்: இல்லை.

'சிறப்பான ஒருங்கிணைப்பு' என்று மேலதிகாரி குறுஞ்செய்தி அனுப்பினார். கைதட்டும் படத்தோடு.

மே 6, திங்கள்

பாராட்டுச் சான்றிதழுக்கு என் பெயர் போயிருக்கிறதாம். ராஜ்மோகன் லட்டு கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் கஸ்தூரியிடம் கொடுத்தேன். "ஹபீப் அண்ணன் வூட்டுக்கு ரெண்டு எடுத்து வெக்கட்டுமா?" என்றாள். வேண்டாம், அவனுக்குச் சர்க்கரை என்றேன். அவனுக்குச் சர்க்கரை கிடையாது.

ஒரு பொய் சொன்னவன் லட்டுக்கும் சொல்வான்.

மே 24, வெள்ளி

ஹபீபும் சபுராவும் ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து விமானம். போகிறவர்கள் அதற்கு முன் தெரிந்தவர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கி, தெரிந்தோ தெரியாமலோ செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒரு வாரமாக ஊரெல்லாம் போய்க்கொண்டிருந்தான். என் வீட்டுக்கு வருவானா என்று பயமாக இருந்தது. வராமல் போய்விடுவானோ என்றும் பயமாக இருந்தது.

சாயங்காலம் வந்தான். கஸ்தூரி காபி கொடுத்தாள். "தங்கச்சி, நான் எப்பனா தப்பாப் பேசிருந்தா மனசுல வெச்சுக்காதம்மா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ அண்ணா, எங்களுக்காகவும் வேண்டிக்குங்க" என்று உள்ளே போனாள்.

பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். என் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"ஒலகு, ஒன்ன நான் சந்தேகப்பட்டுட்டேன்டா. அந்த லிஸ்ட் விசயத்துல. நீதான் போட்டுருப்பியோன்னு. மன்னிச்சுடு."

அவன் காபித் தம்ளரைப் பார்த்தேன்.

"நான் சந்தேகப்பட்டது தப்புதானே?" என்றான்.

கையை விடவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். "தப்புதானேடா?"

"இன்னாடா பேச்சு இது... நல்லபடியா போய்ட்டு வா" என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். பிறகு மெதுவாக விட்டான். காபி பாதி அப்படியே இருந்தது.

மே 25, சனி

மனிதனா நான்? கையைப் பிடிச்சிக்கினு கேட்டானே. வாயத் தொறந்து 'நான்தான்டா போட்டேன்' — ரெண்டே வார்த்தை. ரெண்டு வார்த்த வரலியே எனக்கு. அவன் ஏன்டா எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்? அவன் ஏன் கேக்கணும்!

ஜூன் 4, செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை. அமைதியாக முடிந்தது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். ஹபீப் வீடு பூட்டியிருக்கிறது. நாஸியா கடலூரில், அத்தை வீட்டில்.

மூன்று பக்கம் எழுதினேன். முதல் வரி: 'எட்டாம் எண்ணில் உள்ள பெயரை, எந்த ஆதாரமும் இன்றி, கட்சிகளுக்கிடையே சமன் செய்வதற்காக நானே சேர்த்தேன்.' சோதனைச் சாவடியில் அவனை ஒன்பது மணி நேரம் உட்கார வைத்ததையும், அவன், அவன் அக்கா, அவன் மகள் என்று மூன்று ஓட்டு விழாமல் போனதையும், விழவில்லை என்று நான் அறிக்கையில் எழுதாததையும் எழுதினேன். இன்னாசிமுத்து வாத்தியாரைப் பற்றியும் ஒரு பத்தி. அந்த மனிதருக்கும் இதெல்லாம் தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் 'அவ்ளதானே தம்பி' என்றாரோ?

இந்தத் தடவை கிழிக்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

ராஜ்மோகன் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் முடிஞ்சப்பறம் எதுக்கு இது?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

வாங்கிக்கொண்டு முத்திரை போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 13, சனி

வந்துவிட்டார்கள். மூன்று நாள் முன்பு. தெருவில் எல்லார் வீட்டுக்கும் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது. சபுரா வந்து கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்று காலை கடைக்குப் போனேன். கடிதத்தின் நகலோடு. ஹபீப் தலையை மழித்திருந்தான், கொஞ்சம் இளைத்திருந்தான். நான் அதைக் கல்லா மேல் வைத்தேன். கண்ணாடி போட்டு மூன்று பக்கத்தையும் படித்தான். அவசரப்படவில்லை.

படித்து முடித்ததும் குனிந்து, ஃபேன் பெல்ட் பெட்டிகளுக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பட்டியல். எட்டுப் பெயர். கீழே 'பரிந்துரைத்தவர்'. என் கையெழுத்து.

"ஜோஸ்பின் அம்மா குடுத்த கட்டுல கடைசித் தாளு. ஏப்ரல் ரெண்டாந்தேதியே வந்துடுச்சு" என்றான். "நாஸியாதான் மொதல்ல பாத்தா. ஒலகு மாமா கையெழுத்துன்னா. நான் அவள அடிக்கக் கையத் தூக்கிட்டேன்."

ஏப்ரல் இரண்டு. அப்படியானால் ரம்ஜான் பிரியாணி, சர்பத் தட்டு, ஷாமியானா நாற்காலி... எல்லாம் தெரிந்துதான்.

"இந்தத் தாளு கைக்கு வந்தப்பறம் ஒன்ன மூணு தரம் கேட்டேன்டா. கை கழுவுறப்ப கேட்டேன். அந்த செக்போஸ்ட்ல கேட்டேன். மெக்காவுக்குப் போறதுக்கு முந்தி ஒன் வூட்டுக்கே வந்து, கையப் புடிச்சிக் கேட்டேன். லிஸ்ட்ல போட்டதுக்குக் கோவம் இல்ல. நம்ம ஹபீப்தானேன்னு போட்டுருப்ப. அது எனக்குப் புரியும்."

"மன்னிச்சுடுடா" என்றேன். காக்கிச் சட்டை போட்ட போலீஸ்காரன், கடை வாசலில், அழுதேன்.

"மன்னிச்சாச்சுடா. அங்க நின்னு மொதல்ல ஒன் பேரத்தான் சொன்னேன். பொய் இல்ல." பட்டியலை எடுத்து என் கடிதத்துக்குள் வைத்து மடித்து என்னிடமே கொடுத்தான். "ஆனா ஒங்கிட்டப் பேச்சு வர மாட்டேங்குதுடா. முயற்சி பண்ணிப் பாத்தேன். வர மாட்டேங்குது."

ஒரு ஆள் வந்து ஃபுட் வால்வு கேட்டார். இரண்டரை இஞ்சா மூணா என்று அவரிடம் கேட்டுக்கொண்டே உள்ளே போனான். நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவன் அளவு சொல்லி, விலை சொல்லி, அடுத்த ஆளுக்கும் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் முதலிலிருந்து எல்லாம் சொன்னேன். "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம் இல்ல" என்றாள்.

அக்டோபர் 9, புதன்

மெமோ வந்தது. பிரமோஷன் இல்லை. மணப்பட்டுப் பக்கம் கடலோரக் காவலுக்கு மாற்றம். நல்லது. அங்கே பட்டியல் கிடையாது, படகுதான்.

ஜனவரி 21, 2025, செவ்வாய்

என் பழைய மேசைக்கு வந்திருக்கும் எஸ்.ஐ. வெண்ணிலா ஃபோன் செய்தாள். உள்ளாட்சித் தேர்தல் வரும் என்று பேச்சு. வருமோ வராதோ, பட்டியல் மட்டும் தயாராக இருக்க வேண்டும்.

"சார், நம்பர் எட்டு நீக்கம்னு ஆர்டர் வந்துருக்கு. இப்ப ஏழுதான் இருக்கு, நாலுக்கு மூணு. சரிக்குச் சரி வரலன்னு சொல்றாங்க. ஏரியாவுல யாராவது சாதுவான ஆளாத் தெரிஞ்சா சொல்லுங்களேன்."

"ஏழாவே இருக்கட்டும்மா" என்றேன்.

"சார்?"

"ஏழு பேரும் நெசமான ஆளுங்க. ஏழாவே இருக்கட்டும்."

சரிங்க சார் என்றாள். என்ன எழுதினாள் என்று தெரியாது.

மார்ச் 2, 2025, ஞாயிறு

முதல் நோன்பு.

போன வருடத்துக் கடைசித் தூக்கு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. கஸ்தூரி இன்று அதைப் புளி போட்டு விளக்கினாள். நாலு மணிக்குத் தோட்டத்தில் கத்திரிக்காய் பறித்து அதில் போட்டு, மூடி, கேட்டில் மாட்டினாள். "வந்தா எடுத்துக்கினு போவட்டும். வெறுந்தூக்காக் குடுக்கக் கூடாது" என்றாள்.

ஐந்தரைக்கு டி.வி.எஸ். சத்தம் கேட்டது. எதிர் வீட்டில் நின்றது, இரண்டு ஹாரன். மூன்றாவது வீட்டில் நின்றது, இரண்டு ஹாரன். பிறகு தெருமுனையில் திரும்பியது.

பாங்கு சொல்லும்வரை இருவரும் வாசலில் இருந்தோம். பிறகு நான் போய்த் தூக்கைக் கழற்றி எடுத்து வந்தேன். கஸ்தூரி கத்திரிக்காயைக் கொட்டிக் குழம்புக்கு நறுக்கினாள்.